உண்மைப் படத்துக்கு ஏஐ முத்திரை, ஏஐ பெண்ணுக்கு எதுவும் இல்லை: எதைச் சரிசெய்வது?

அச்சுக்கூடம் (கேள்வி):
சிறிய விளம்பரக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு கைப்பை நிறுவனத்துக்காக ஒரே சமூகத் தளத்தில் இரண்டு விளம்பரங்கள் ஓடுகின்றன. முதலாவது கேமராவில் எடுத்த படம். பின்னணியில் தெரிந்த மின்கம்பியை மட்டும் ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் என்ற ஏஐ கருவி மூலம் அழித்தோம். அதற்குத் தளத்தின் ஏஐ முத்திரை விழுந்துவிட்டது. இரண்டாவது காணொளி. அதில் பையைக் காட்டிப் பேசும் பெண் முழுக்க ஏஐ. அதற்கு முத்திரையே இல்லை! முதல் முத்திரையை எடுத்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் நச்சரிக்கிறார். மேல்முறையீட்டுப் படிவத்துக்குப் பதில் இல்லை. எப்படி எடுப்பது?

கோப்புப்புழு:
படத்தைப் பார்த்து யாரும் முத்திரை குத்தியிருக்க மாட்டார்கள். கோப்புக்குள் எழுதியிருப்பதைப் படித்திருப்பார்கள். கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் திறந்து, படம் எப்படி உருவானது என்று சொல்லும் 'டிஜிட்டல் சோர்ஸ் டைப்' என்ற வரியைப் பாருங்கள். ஏஐ கருவியால் ஒரு மூலையைத் தொட்டாலும் அங்கே பதிவாகிவிடுவதுண்டு. 2024-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற மெட்டா தளங்களிலும் இதே கூச்சல்தான். சின்னத் திருத்தம் செய்த படங்களுக்கெல்லாம் 'ஏஐ-யால் உருவாக்கப்பட்டது' என்று முத்திரை விழுவதாகப் புகைப்படக்காரர்கள் கொதித்ததும், ஜூலையில் அதை 'ஏஐ தகவல்' என்று மாற்றினார்கள்.

விரைவுவழி:
ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றுங்கள். முத்திரை போய்விடும்.

நிபந்தனை:
போகும், வம்பும் கூடவே வரும். விற்பனையாளர்கள் தங்கள் பொருள்களைக் கூகுளில் பட்டியலிடும் மெர்ச்சன்ட் சென்டரின் விதியே, ஏஐ உருவாக்கிய பொருள் படங்களில் அந்த மெட்டாடேட்டாவை, அதாவது கோப்புக்குள் எழுதியிருக்கும் அந்தத் தகவலை, நீக்கக் கூடாது என்பதுதான். இன்று ஒரு தளத்துக்காகச் சுரண்டி எடுத்த கோப்பு நாளை எல்லாத் தளங்களுக்கும் போகும். மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்கி, கம்பியைக் குளோன் ஸ்டாம்ப் (பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மூடும், ஏஐ இல்லாத கருவி) கொண்டு கையால் அழியுங்கள். ஏஐ-யே தொடாத படத்துக்கு அந்த வரியும் இருக்காது, மறைக்கவும் எதுவும் இருக்காது.

உங்கள் தலைவலி அந்தப் படமே அல்ல, காணொளிதான். அது எந்த நாடுகளில் ஓடுகிறது? அந்தப் பெண் என்ன பேசுகிறார்?

அச்சுக்கூடம்:
படத்தில் நீங்கள் இருவரும் சொன்னதேதான், அந்த வரி இருந்தது. புதிதாகத் திருத்தி ஏற்றியதும் முத்திரை வரவில்லை. நன்றி. காணொளி ஜெர்மனியிலும் நியூயார்க்கிலும் ஓடுகிறது. "ஆறு மாதமாக இந்தப் பையைத்தான் வைத்திருக்கிறேன், தையல் கூடப் பிரியவில்லை" என்கிறார். தளமே முத்திரை போடவில்லை என்றால் நாங்கள் ஏன் போட வேண்டும் என்பது வாடிக்கையாளரின் கேள்வி.

நிபந்தனை:
காணொளியை எடிட் செய்து ஏற்றுமதி செய்தபோது மெட்டாடேட்டா உதிர்ந்திருக்கும், தளத்துக்குத் தெரியவில்லை. அது அனுமதி ஆகாது.

நியூயார்க்கின் புதிய சட்டம் 2026 ஜூனிலிருந்து நடைமுறைக்கு வருவது. அடையாளம் காணக்கூடிய எவரும் அல்லாத, ஏஐ-யால் உருவான 'நடிகர்' விளம்பரத்தில் இருந்தால், தெரிந்தே அதை உருவாக்கியவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதல் மீறலுக்கு 1,000 டாலர், அடுத்தடுத்தவற்றுக்கு 5,000. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், 50ஆம் பிரிவு, வேறு பக்கத்திலிருந்து வருகிறது. நிஜமாக உள்ள மனிதர், பொருள், இடம் போலத் தோன்றி உண்மை என்று நம்பவைக்கும் போலியைப் பயன்படுத்துபவர் அதை வெளிப்படுத்த வேண்டும். பெண் யாரையும் போல இல்லை என்று அங்கே வாதாடலாம். ஆனால் அவர் கையில் இருக்கும் பை வாடிக்கையாளர் உண்மையிலேயே விற்கும் பை. பொருள்களும் அந்த வரையறையில் உண்டு.

இதையெல்லாம் விட மோசம் அந்த வசனம். இல்லாத ஒருத்தி எப்படி ஆறு மாதம் பையை வைத்திருந்தாள்? அமெரிக்காவின் வணிக ஒழுங்குமுறை ஆணையமான எஃப்டிசி 2024 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய விதி, இல்லாத மனிதர்களின் பெயரில் வரும் அனுபவச் சான்றுகளைத் தடைசெய்கிறது. முத்திரை ஒட்டினாலும் அந்த வசனம் தப்பாது. வெட்டிவிடுங்கள். தையலைப் பற்றிச் சொல்வதற்குச் சோதனை முடிவு இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

கோப்புப்புழு:
அறிவிப்பைக் காணொளிக்குள்ளேயே எழுத்தாகப் பதியுங்கள். விளக்கக் குறிப்பில் போட்டால் 'மேலும்' என்பதற்குப் பின்னால் மறைந்துவிடும். ஏற்றும்போது தளம் கேட்கும் ஏஐ பெட்டியையும் குறியிடுங்கள். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்றில்லை.

அச்சுக்கூடம்:
வசனத்தை எடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார், முகம் சுளித்தபடி. அதே குரலில் ஒலி விளம்பரமும் தயாராகிறது. அதற்கும் இதே விதிதானா?

நிபந்தனை:
நியூயார்க் சட்டம் ஒலி விளம்பரங்களுக்கு விலக்கு தருகிறது. ஐரோப்பியச் சட்டத்தின் வரையறையில் ஒலியும் சேரும். ஆகவே ஜெர்மன் பதிப்புக்கு ஒரு அறிவிப்பு வரி எழுதி வையுங்கள். எஃப்டிசி விதிக்கு ஒலி, ஒளி என்ற பேதமில்லை, அந்த ஆறு மாத வசனம் அங்கேயும் வேண்டாம்.