கண் முன்னால் வெட்டும் கோழியா, பாக்கெட் கறியா?

அடையாறுவாசி:
எங்கள் தெருவில் மூன்று கோழிக்கடைகள். ராத்திரி கடை அடைத்ததும் இறகும் குடலும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டி ஓரம் கிடக்கும். நாய்கள் பிரித்துப் போட்டுவிடும். 2 கிலோ கோழியை வெட்டித் தோலுரித்தால் நம் பையில் வருவது 1.3 கிலோ சொச்சம். மீதி 700 கிராம் யார் பொறுப்பு? உயிர்க்கோழியை ஊருக்குள் கொண்டுவருவதையே நிறுத்தி, வெளியே ஆலையில் வெட்டிக் குளிரூட்டிய கறியை மட்டும் விற்கவைக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

புரசை கறிக்கடை:
வந்துவிட்டேன் சார். கூண்டில் சோர்ந்து நிற்கும் கோழியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை என் வாடிக்கையாளருக்கு இருக்கிறது. பாக்கெட்டுக்குள் இருப்பது எப்படிச் செத்தது என்று யாருக்குத் தெரியும்? 2018 நவம்பரில் எழும்பூர் ஸ்டேஷனில் 2 டன்னுக்கு மேல் கறியைப் பிடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாய்க்கறி என்று டிவிக்காரர்கள் அலறினார்கள். சோதித்துப் பார்த்தால் ஆட்டுக்கறி. அந்தப் புரளியை விடுங்கள். ஜோத்பூரிலிருந்து ரயிலில் சென்னை வரைக்கும் வந்த கறி அது. என் கடையில் கோழி செத்து அரைமணி நேரத்தில் உங்கள் அடுப்பில் இருக்கும்.

வெட் டாக்டர்:
உயிரோடு பார்த்தால் ஆரோக்கியம் தெரியும் என்பது பாதிதான் உண்மை. சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற இரண்டு நோய்க்கிருமிகளும் கோழியின் குடலில் சத்தமில்லாமல் இருக்கும். கோழி துள்ளிக்கொண்டுதான் நிற்கும். கடையில் குடல் கிழிந்து அதே கட்டையில், அதே கத்தியில், காலையிலிருந்து மாற்றாத அதே வாளித் தண்ணீரில் அடுத்த கோழியும் போகிறது. நூறு கோழியில் ஒன்றுக்கு இருந்தாலும் சாயங்காலத்துக்குள் கட்டைக்கு வந்துவிடும். உள்ளே 74 டிகிரி வரை வெந்தால் கிருமி சாகும், குழம்பில் கவலை இல்லை. வீட்டில் குழாயடியில் கறியை அலசும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்திலிருக்கும் கொத்தமல்லியில் விழுகிறதே, பிரச்சினை அங்கேதான்.

புரசை கறிக்கடை:
டாக்டர் சார், 2023-ல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்டு ஒரு சிறுமி இறந்துபோனாள். அது கடைக்கட்டையால் வந்ததா? சமைத்த இடத்திலும் வைத்த இடத்திலும் வந்த கோளாறு. கறி குளிரில் இருக்கிறது என்றால் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும், வண்டிக்காரர் டீசலை மிச்சம் பிடிக்க ஏசியை அணைக்காமல் இருக்க வேண்டும், இளகியதை மறுபடி உறையவைக்காமல் இருக்க வேண்டும். இத்தனையையும் யார் பார்க்கிறார்கள்?

நெல்லைத் தேன்மொழி:
கழிவுக்கு வருகிறேன். கேரளாவிலிருந்து லாரியில் கோழிக்கழிவைக் கொண்டுவந்து எங்கள் பக்கம் குளத்தங்கரையில் கொட்டுவதும், புளியரை சோதனைச்சாவடியில் பிடிபடுவதும் பழைய கதை. ஆனால் அவர்களைத் திட்டியே காலத்தை ஓட்டுகிறோம். அங்கே பல மாவட்டங்களில் கழிவை வேகவைத்துக் கொழுப்பும் தூளுமாகப் பிரிக்கும் ஆலைகள் வந்துவிட்டன. நம்மூர் டவுன் கழிவு எங்கே போகிறது என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கெளுத்திக் குட்டைக்குப் போகிறது. அந்த மீனை வளர்க்க 2000-லேயே தடை. கோழிக்குடல் தின்று வளர்ந்த மீன் சந்தையில் வேறு பெயரில் திரும்பி வருகிறது.

அடையாறுவாசி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். நூறு கடையில் நூறு பையாகக் கிடக்கும் கழிவு ஓர் ஆலையில் ஒரே இடத்தில் சேர்ந்தால் அள்ளுவது சுலபம்.

பல்லடம் பண்ணைக்காரன்:
வளர்க்கிறவனை எல்லோரும் மறந்துட்டீங்க. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்குங்க.

இன்று விடுகிற குஞ்சு நாற்பது நாள் கழித்து 2 கிலோ கோழி. அன்றைக்கு விலை என்னவாக இருக்கும் என்று விடும்போது யாருக்கும் தெரியாது. விலை நல்லா இருந்தால், குஞ்சு கொடுத்து எங்களை வளர்க்கச் சொல்லும் எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் குஞ்சை அதிகமாக இறக்கும். அது புரட்டாசியிலோ கார்த்திகை மாலைக் காலத்திலோ வந்து முட்டினால் வாங்க ஆள் இருக்காது. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம், கோழியை வைக்க முடியாதுங்க. நின்ற நாளெல்லாம் தீவனம் தின்னும், எடை ஏற ஏறக் கடைக்காரர் வேண்டாம் என்பார், வெயிலில் மூச்சிரைத்துச் சாகும். அதனால் கிடைத்த விலைக்குத் தள்ளுவார்கள்.

2020 மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா என்ற புரளிக்கே விலை தரையில் விழுந்தது. கர்நாடகாவில் பெலகாவிப் பக்கம் ஒருத்தர் ஆயிரக்கணக்கான கோழிகளைக் குழியில் போட்டு உயிரோடு மூடினார். எல்லாவற்றையும் உயிரோடுதான் விற்பது என்று இருக்கும்வரை இது நடக்கும். வெட்டி உறையவைக்க இடம் இருந்தால் கொஞ்சம் தாங்கலாம். அந்த வகையில் அடையாறு அண்ணன் பக்கம்தான்.

ஆனா ஒன்று. அந்தக் கிடங்கு யாருடையது? கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், ஆள்கூலி, கொட்டகைத் தரையில் பரப்பும் தேங்காய்மஞ்சி எல்லாம் எங்கள் தலையில். எங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி மட்டும். கிடங்கு இருக்கிற தைரியத்தில் இன்னும் நாலு குஞ்சு சேர்த்து விடுவார்கள். தெருக்கடையையும் மூடிவிட்டால் வெட்டுவது, வைப்பது, விற்பது மூன்றும் ஒரே கைக்குப் போய்விடும்.

அடையாறுவாசி:
கம்பெனி கைக்குப் போனால் கேள்வி கேட்க ஒரு முகவரியாவது இருக்குமே. சரி, ஊசி போட்டு வளர்க்கிற கோழிக்கு இவ்வளவு பரிந்து பேச வேண்டுமா?

வெட் டாக்டர்:
ஹார்மோன் ஊசிக் கதையை விடுங்கள். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஊசி குத்தினால் கூலிக்கே கட்டாது. கனடாவில் 1957-ஆம் ஆண்டு ரகத்தையும் 2005 ரகத்தையும் ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56 நாளில் முன்னது 905 கிராம், பின்னது 4.2 கிலோ. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம் அது.

பயப்பட வேண்டியது ஆன்டிபயாடிக்குக்கு. 2014-ல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர்ப் பகுதியில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்ததில் 40 சதவீதத்தில் மருந்து எச்சம் இருந்தது. மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினைத் தீவனத்தில் கலப்பதை 2019-ல்தான் தடைசெய்தார்கள். அந்தக் கோழியை எந்தக் கட்டையில் வெட்டினால் என்ன, எந்தப் பெட்டியில் குளிரூட்டினால் என்ன? மருந்து நிறுத்திக் குறிப்பிட்ட நாள் கழித்துத்தான் விற்க வேண்டும் என்பது விதி. பண்ணைக்காரர் தம்பி, அதை உங்கள் பக்கம் பார்க்கிறார்களா?

பல்லடம் பண்ணைக்காரன்:
தீவனமும் மருந்தும் கம்பெனி வண்டியில் வருதுங்க சார். எதை எப்போது கொடுப்பது என்று அவங்க சூப்பர்வைசர் சொல்வார். விலை திடீரென்று ஏறினால் பிடிக்கிற வண்டி ராத்திரியோடு ராத்திரியாக வந்து நிற்கும். மருந்து நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்டதில்லை.

புரசை கறிக்கடை:
என் கடைக்கு வந்து இறங்குவதும் அந்த வண்டிதான். அடையாறு சார் கேட்கும் பாக்கெட்டுக்குப் போவதும் அதே வண்டிதான்.