டிஸ்கனெக்ட் வரி வெட்டி வேலையா?

இரவுப்பணி: ரவுட்டரில் நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் பைத்தான் நூலகமான நெட்மிகோவில் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை இங்கே போட்டுவிட்டு, “கடைசியில் டிஸ்கனெக்ட் எழுதுவது வெட்டி வேலை, இணைப்பு தானே மூடிக்கொள்ளும்” என்கிறார் வரிச்சிக்கனம். புதிதாகக் கற்பவர்கள் இதை நம்பிவிடுவார்களே என்றுதான் எரிச்சல். பல சிஸ்கோ ரவுட்டர்களில் விடிஒய் லைன் (தொலைவிலிருந்து லாகின் செய்வோருக்கான இடம்) 0 முதல் 4 வரை, மொத்தம் ஐந்துதான். ஐந்தும் நிரம்பினால் ஆறாவது ஆளுக்கு இடமில்லை.

வரிச்சிக்கனம்: எக்ஸெக் டைம்அவுட் எதற்கு இருக்கிறது? யாரும் மாற்றாவிட்டால் 10 நிமிடம். சும்மா கிடக்கும் செஷனை ரவுட்டரே வெட்டிவிடும்.

இரவுப்பணி: 10 நிமிடமா? நிற்காமல் ஓடும் புரோகிராம் நிமிடத்துக்கு ஒரு லாகின் போட்டு மூடாமல் விட்டால், ஐந்தே நிமிடத்தில் கதவு அடைபடும். அப்படி மாட்டி, இரவு இரண்டு மணிக்கு ரேக் முன்னால் கன்சோல் கேபிளோடு உட்கார்ந்து லைனை விடுவிக்கும் ‘கிளியர் லைன்’ கட்டளையை அடித்தவன் நான்.

வரிச்சிக்கனம்: உங்கள் இரவுக் கதையை எத்தனை முறை கேட்பது? நான் சொன்னது ஓடி முடியும் ஸ்கிரிப்டை. புரோசஸ் செத்தால் இயங்குதளத்தின் மையமான கர்னலே சாக்கெட்டை (இணைப்பின் நம் பக்க முனையை) மூடும்.

முனையன்: புரோசஸ் முடிந்தால்தானே? தானாக மூடும் ஏற்பாட்டை நம்பாதீர்கள், மூடாமல் விட்டால் முடிகிற நேரத்தில் புரோசஸ் தொங்கலாம் என்று நெட்மிகோ அடியில் பயன்படுத்தும் பாராமிகோ நூலகத்தின் ஆவணமே எச்சரிக்கிறது. பைத்தானின் ‘வித்’ போட்டு எழுதுங்கள், நடுவில் எக்ஸெப்ஷன் (பிழை) வந்தாலும் மூடும்.

வரிச்சிக்கனம்: புரோசஸை முடிக்கச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்தால், அதைப் பிடிக்கத் தனியாக ஹேண்ட்லர் எழுதாதவரை பைத்தானில் உங்கள் ‘வித்’தும் ஓடாது, பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் ‘ஃபைனலி’யும் ஓடாது. அப்போதும் காப்பாற்றுவது கர்னலும் அந்த 10 நிமிடமும்தான்.

பழையகேபிள்: ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவிக்கு மாறுங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

இரவுப்பணி: அதுவும் அடியில் எஸ்எஸ்எச் இணைப்பைக் கொஞ்ச நேரம் திறந்துதான் வைத்திருக்கிறது. எஸ்எஸ்எச்சுக்கு முந்தைய பழைய டெல்நெட்டே போதும் என்று போன மாதம் சண்டை போட்டவர் நீங்கள், இப்போது ஆன்சிபிளா?

பழையகேபிள்: அது லேப் பற்றிய பேச்சு. அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

இரவுப்பணி: லேப் என்பதால்தான் கேட்கிறேன். லேப் கான்ஃபிகில் எக்ஸெக் டைம்அவுட் 0 0 என்று போட்டு, அதையே அப்படியே பெரிய நெட்வொர்க்குக்குக் காப்பி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். 0 0 என்றால் வெட்டவே வெட்டாது. நடுவில் ஃபயர்வால் சத்தமில்லாமல் இணைப்பைக் கைவிட்டால் உங்கள் கர்னல் அனுப்பும், இணைப்பு முடிந்தது என்று சொல்லும் ஃபின் பாக்கெட்டும் ரவுட்டருக்குப் போய்ச் சேராது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவும் போடவில்லை என்றால் அந்த லைன் அப்படியே கிடக்கும். வரிச்சிக்கனம், உங்கள் 10 நிமிடம் அப்போது எங்கே?

வரிச்சிக்கனம்: கான்ஃபிகைக் கெடுத்தவர் தவறு அது. ஃபயர்வால் கைவிட்ட பிறகு உங்கள் டிஸ்கனெக்டும்தான் போய்ச் சேராது. மாற்றாத ரவுட்டரில் 10 நிமிடம்தான், போய்ப் பாருங்கள்.

இரவுப்பணி: பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஒரே ஒரு வரி, அதை எழுத என்ன கஷ்டம் உங்களுக்கு?