அன்புக்குக் காரணம் உண்டா? வாதம் ஒரே இடத்தில் நிற்கிறது

ஒருவரை அவருடைய குணங்களுக்காக நேசிக்கிறோம் என்றால், அதே குணங்கள் கூடுதலாக உள்ள இன்னொருவர் வந்ததும் மாறிக்கொள்வதுதானே நியாயம்? காரணமே இல்லை என்றால் அன்பு வெறும் தற்செயல். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எழுதும் தத்துவக் கட்டுரை மூன்று வாரமாக நகரவில்லை.

இதுவரை பார்த்துவிட்ட தத்துவவாதிகள்: வெல்லமன் (1999), ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் வழியில் போகிறார், நேசிப்பது அந்த நபரின் பகுத்தறிவு இயல்பை. அது எல்லோரிடமும் இருக்கிறதே, அப்புறம் ஏன் இவர் மட்டும்? ஃபிராங்ஃபர்ட் (2004) தலைகீழாக்குகிறார்: மதிப்பு இருப்பதால் நேசிப்பதில்லை, நேசிப்பதால் மதிப்பு வருகிறது. அழகான திருப்பம்தான், ஆனால் கொடுமைக்காரரை நேசிப்பவரிடம் ‘இது தவறு’ என்று சொல்ல அதில் பிடி கிடைப்பதில்லை.

கோலட்னி (2003) சொல்வதுதான் இப்போதைக்குத் தேறுகிறது: காரணம் குணமல்ல, சேர்ந்து வாழ்ந்த உறவு. வேறு யாருக்கும் அந்த வரலாறு இல்லை, அதனால் மாற்றாள் சிக்கல், அதாவது கூடுதல் குணமுள்ளவர் வந்ததும் மாறிக்கொள்ளலாமே என்ற கேள்வி, தீர்கிறது. ஒருதலைக் காதலை இது விளக்காது. அதை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

இடிப்பது இங்கே. மறதிநோய் முற்றிய கணவர், மாத்திரையை எடுத்து நீட்டும் மனைவியிடம் “நீங்க யாரு?” என்கிறார். வரலாறு அப்படியே இருக்கிறது, ஆனால் ஒருவர் நினைவில் மட்டும். கடமை என்று சொன்னால் பராமரிப்பு கிடைக்கும், அன்பு கிடைக்காது. உணர்ச்சியைக் கட்டளையிட முடியாது என்று காண்ட்டே சொல்லிவிட்டார்.

கோலட்னியின் வாதத்தைக் கைவிடாமல், இந்த மனைவியின் அன்புக்கு இன்னும் காரணம் இருக்கிறது என்று எப்படி நிறுவலாம்?