புதுப்பிப்பு: லோனார் ஏரியைச் சுற்றி நடந்தாச்சு

சென்னையிலிருந்து அப்பாவோடு போய் மகாராஷ்டிராவில் உள்ள லோனார் ஏரியைச் சுற்றி நடக்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. போய்விட்டு வந்துவிட்டோம்.

செகந்திராபாத்தில் ரயில் மாறி ஜால்னாவில் இறங்கி, அங்கிருந்து கார். "அது எரிமலை வாய்தானே?" என்று ஒருத்தர் கேட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அது விண்கல் மோதி உண்டான பள்ளம், விட்டம் சுமார் 1.8 கிலோமீட்டர். எரிமலைக் குழம்பால் ஆனது அந்த விண்கல் வந்து மோதிய தரைப் பாறைதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த தக்காணத்து பசால்ட் என்ற கரும்பாறை.

அந்த பசால்ட் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நம்ம பல்லாவரம் கல்லின் மினுமினுப்பு இல்லை. மங்கலான கறுப்பு, உடம்பெல்லாம் மிளகு அளவு குழிகள், சிலவற்றில் வெள்ளைப் படிகம். குழம்பிலிருந்த வாயுக் குமிழிகளின் தடம்தான் அந்தக் குழிகள். அப்பா அதை விட்டு நகரவே இல்லை!

ஏரித் தண்ணீர் உப்பும் காரத்தன்மையும் உள்ளது. 2020 ஜூனில் இளஞ்சிவப்பானது இந்த ஏரிதான். நாங்கள் பார்த்தபோது பச்சை.

இறக்கம் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி எடுத்துப் போங்கள். கரையில் சீமைக்கருவேல முள் உண்டு, ஷூ கட்டாயம். குடிதண்ணீரை மேலே ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.