வாழை வயலில் குருணை மருந்து, ஒட்டினாற்போல் எங்கள் கிணறு

குலசேகரம்_வாசி:
வீட்டுக்குக் கீழே உள்ள வயலை ஒருவர் பாட்டத்துக்கு எடுத்து ஏத்தன் வாழை வைத்திருக்கிறார். மூட்டில் குருணை மருந்து போடுகிறார், தண்டுக்கும் அடிக்கிறார், மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கள் கிணற்றோரம் வந்து தேங்குகிறது. குடிப்பது, சமைப்பது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். கொதிக்க வைத்தால் போதும் என்கிறார் அம்மா. போதுமா? அவரும் கடன் வாங்கிப் பயிர் செய்கிறவர், சண்டைக்குப் போக மனசு வரவில்லை.

ஆய்வகப்பணி:
போதாது. கொதித்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யலாம். குடிக்கவும் சமைக்கவும் இப்போதைக்கு வேறு தண்ணீர் எடுங்கள். பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; போரேட் என்ற குருணை மருந்தாக இருந்தால் 2020 டிசம்பர் 31-ஓடு நாடு முழுக்கத் தடையானது, சிவப்பு முக்கோணம் போட்ட கொடிய விஷம் அது.

விளவங்கோடு_விவசாயி:
அவர் பாட்டையும் பாருங்கள் அண்ணே. தண்டுக் கூன்வண்டுக்கு ஏத்தன் என்றால் உயிர், தண்டில் கோந்து வடிவது நம் கண்ணில் படும்போதே புழு உள்ளே குடைந்திருக்கும், ஒரு காற்று அடித்தால் மரம் குலையோடு ஒடிந்து விழும். அடிக்காதே என்று மட்டும் சொன்னால் எவன் கேட்பான்? காய்ந்த சருகை உரித்துவிட வேண்டும், குலை வெட்டிய தண்டை வயலில் போட்டு வைக்கக் கூடாது. ஒரு முழத் தண்டை நெடுக்கப் பிளந்து, பிளந்த பக்கம் வண்டைக் கொல்லும் பூஞ்சையான பூவேரியா பூசிக் கவிழ்த்து வைத்தால் வாசத்துக்கு வண்டு வந்து ஒட்டும். எனக்கு மருந்துச் செலவு பாதியாகக் குறைந்தது.

ரப்பர்_தோட்டம்:
கேரளத்துக் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து தெளித்தது 2000 வரை நடந்தது, உச்ச நீதிமன்றம் தடை போட 2011 ஆனது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் படுக்கையில்! ஆனால் மருந்தே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன், டெங்கு பரவும்போது புகை அடிக்கச் சொல்லி நாம்தானே பஞ்சாயத்துக்கு ஓடுகிறோம். அந்தப் புகைக்குச் சாவது பறக்கிற கொசுதான், ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையில் தேங்கிய தண்ணீரில் நெளிகிற புழு அப்படியே இருக்கும். சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாலே பாதி மருந்து மிச்சம்.

குலசேகரம்_வாசி:
பேசினேன். கிணற்றை ஒட்டிய வரிசைகளில் குருணை போடமாட்டேன் என்றார், தண்டுப் பொறியும் வைத்துப் பார்க்கிறாராம். தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்கலாமா?

ஆய்வகப்பணி:
கொடுங்கள். சாதாரண சோதனையில் உப்பு, கிருமி இதைத்தான் பார்ப்பார்கள், பூச்சிமருந்து எச்சம் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கொடுக்கணும்.