மழைக்காட்டு ரைபிளுக்கு எந்த ஸ்டாக்: லாமினேட்டா, வால்நட்டா?

பனிமலை:
பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரைக் காட்டில் நவம்பர் மாத மான் வேட்டை என்றால் முழுக்க மழையில்தான். போன சீசனில் என் .30-06 ரைபிளை 100 மீட்டரில் சுட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்த்தால், அதே 100 மீட்டரில் தோட்டா 9 சென்டிமீட்டர் வலப்பக்கம் போயிருக்கிறது. குழலுக்கும் அதைத் தாங்குகிற மரக்கட்டையான ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு பத்து டாலர் நோட்டை நுழைத்து இழுத்தேன். வீட்டில் தாராளமாகப் போய்வந்த நோட்டு பாதியிலேயே சிக்கிக்கொண்டது. வால்நட் மரம் ஊதி, இடப்பக்கம் குழலை நெருக்கிக்கொண்டிருந்தது.

குழலும் ரிசீவரும் (குழல் பொருந்துகிற உலோக உடல்) உரிமத்தோடு வாங்கியவை, அவற்றில் கை வைக்கப் போவதில்லை. ஸ்டாக்கை மட்டும் லாமினேட் கட்டையில், அதாவது மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்த கட்டையில், நானே செதுக்கப் போகிறேன். என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: நனையப் போகிற ரைபிளுக்கு இனி யாரும் வால்நட் போடக்கூடாது.

வால்நட் பக்தன்:
தம்பி, பழியை மரத்தின் மேல் போடாதீர்கள். என் ரைபிளில் இருப்பது துருக்கி வால்நட். 14 வருடமாக அதே கடற்கரை மழையில்தான் நனைகிறது. வெளியே எத்தனை கை எண்ணெய் பூசினேனோ, உள்ளே குழல் உட்காரும் பள்ளத்திலும் அத்தனை கை பூசினேன். பின்பக்க ரப்பர் பட்டைக்கு அடியிலும், திருகு போகிற துளைகளுக்குள்ளும்கூட. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எண்ணெய் பூசாமல் பச்சை மரமாக விட்டால் எந்த மரமும் தண்ணீர் குடிக்கும். உங்கள் ஸ்டாக்கைக் கழற்றி உள்ளே பார்த்தீர்களா?

அப்புறம் எடை. என் வால்நட் ஸ்டாக் 1 கிலோ. அதே வடிவத்தில் லாமினேட் செய்தால் 1.3 கிலோவாவது வரும். தட்டில் வைத்துப் பார்த்தால் சின்ன வித்தியாசம். மலைச்சரிவில் ஆறு மணி நேரம் தோளில் போட்டு நடந்தால் அது சின்னது இல்லை. இத்தனையும் ஒரு பிளைவுட் துண்டுக்காகவா?

உளிக்காரன்:
பிளைவுட் என்று சொல்வது சரியில்லை ஐயா. நான் ஸ்டாக் வேலை செய்கிறவன், அதனால் இதை விட முடியவில்லை. சாதாரண பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு மர ரேகை குறுக்கே மாறும். ஸ்டாக்குக்கான லாமினேட்டில் ரேகை நீளவாக்கில் ஓடும். பிர்ச் மரத்தை ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் தாளாகச் சீவி, சாயம் ஏற்றி, பிசின் தடவி, சூட்டில் வைத்து அழுத்துகிறார்கள். ஒரு தாள் இடப்பக்கம் வளைய நினைத்தால் அடுத்த தாள் விடாது. ஒற்றை மரத்தில் அப்படித் தடுக்க ஆளில்லை.

இது புதுசும் இல்லை. ஜெர்மானியர்கள் 1930களின் கடைசியிலேயே தங்கள் கார்98கே ராணுவ ரைபிளுக்கு பீச் மர லாமினேட்டைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல வால்நட் பலகை காய வருடக்கணக்காகும், போருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எடை கூடினாலும் கட்டை கோணாமல் நின்றது.

ஆனால் பனிமலை, வேலை சுலபம் என்று நினைத்து இறங்காதீர்கள். பிசின் கோடுகள் உளியைத் தின்னும். வால்நட்டில் ஒரு காலை முழுக்க வெட்டுகிற உளியை இதில் அரை மணிக்கொரு தரம் கல்லில் தீட்டுகிறேன். கைப்பிடி வளைவில் தாள்களின் ஓரம் மேலே வரும். அங்கே உளியை எதிர்த்திசையில் வைத்தால் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிடும். அந்த இடத்தில் உளியை வைத்துவிட்டு அரம், பிறகு உப்புத்தாள். பிடிமானத்துக்குக் கட்டம் போட்ட செதுக்கு வேண்டுமென்றால் வால்நட்டுக்குப் போங்கள். லாமினேட்டில் அந்தக் கூர்முனைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

வால்நட் பக்தன்:
கோணாமல் நின்றது என்கிறீர்கள். கனடிய ரேஞ்சர்களுக்கு, அதான் வடக்கே தொலைதூரப் பகுதிகளில் இருக்கும் ராணுவ ரிசர்வ் படைக்கு, கொடுத்த சி19 ரைபிளை மறந்துவிட்டீர்களா? சிவப்பு லாமினேட் ஸ்டாக். அதில் சில ஸ்டாக்குகளில் வெடிப்பு கண்டது செய்தியாகவே வந்ததே. அதற்கு முன்னால் அவர்கள் வைத்திருந்தது லாமினேட் இல்லாத சாதாரண மரம் போட்ட லீ-என்ஃபீல்ட் ரைபிள். 1947 முதல் எழுபது வருடம் போல ஆர்க்டிக் குளிரில் உழைத்திருக்கிறது.

பனிமலை:
வெடிப்பு வந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வெடிப்பு வேறு, வளைவு வேறு. வெடித்தால் கண்ணுக்குத் தெரியும், ஸ்டாக்கை மாற்றலாம். என் வால்நட் வெளியே பார்க்க அழகாகவே இருந்தது, உள்ளுக்குள் குழலைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த அட்டைப்பெட்டி இல்லாவிட்டால் ஒரு மானின் வயிற்றில் சுட்டிருப்பேன். காயத்தோடு ஓடுகிற மானை மழையில் ரத்தத்தடம் பிடித்துத் தேட முடியாது. எனக்கு அதுதான் விஷயம். ரேகை அழகும் 300 கிராமும் அதற்குப் பிறகுதான்.

உளிக்காரன்:
எந்தக் கட்டையானாலும் எப்பாக்ஸி பெட்டிங்கை, அதாவது ரிசீவருக்குப் பிசினில் கெட்டியான படுக்கை அமைப்பதை, விடாதீர்கள். ரிசீவர் உட்காரும் இடத்தில் எப்பாக்ஸி ஊற்றி, திருகு வழியில் அலுமினியக் குழாய் வையுங்கள். இரும்புக்கு மெழுகு தடவ மறந்தால் ரிசீவர் ஒட்டிக்கொண்டு வராது, இரண்டு தடவை தடவுங்கள். திருகு மரத்தை நசுக்காமல் உலோகத்தில் உட்கார்ந்தால் மழைக்கு முன்னும் பின்னும் இறுக்கம் மாறாது. குழலைச் சுற்றி 2 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். நோட்டு போகிற இடைவெளி போதும் என்று எழுதுகிறவர்கள் கடற்கரை மழையைப் பார்க்காதவர்கள்.

பனிமலை:
ஐயா கேட்டதற்காக இன்றைக்கு ராத்திரி கழற்றிப் பார்த்தேன். குழல் பள்ளம் முழுக்கப் பச்சை மரம், ஒரு கை எண்ணெய்கூட இல்லை. சாம்பல் நிறத்தில் இருக்கிறது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் லாமினேட் கட்டைக்குச் சொல்லிவிட்டேன், அதில் மாற்றமில்லை. இந்த வால்நட்டைக் காயவைத்து எண்ணெய் ஏற்றி, உள்நாட்டுப் பக்கம் வறண்ட காட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா?

வால்நட் பக்தன்:
தாராளமாக. ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், வெடித்துவிடும். நிழலில் தொங்கவிட்டு, வாரம் ஒரு தடவை சமையல் தராசில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். மூன்று வாரம் அடுத்தடுத்து எடை குறையாமல் நின்ற பிறகு எண்ணெயைத் தொடுங்கள். முதல் கை அந்தப் பள்ளத்துக்குள்ளே.