ஜிஆர்எஸ் 1915+105: ஒளியை விட 1.25 மடங்கு வேகம் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

இரவுப்பறவை:
கருந்துளைகளைப் பற்றிப் படித்துக்கொண்டே போனதில் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன். கழுகு விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளை 1994-இல் இரண்டு பக்கமும் எதையோ பீய்ச்சியடித்தது, மிராபெல், ரோட்ரிகெஸ் என்ற இருவர் அமெரிக்காவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கியில் அதைப் பின்தொடர்ந்தார்கள், ஒரு பக்கம் போனதன் வேகம் ஒளி வேகத்தைப் போல 1.25 மடங்கு, மறுபக்கம் 0.65 மடங்கு என்று போட்டிருக்கிறது. "அது தோற்ற வேகம்தான்" என்று எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தோற்றம் என்றால் எந்த எண்ணைத்தான் நம்புவது? எதிரெதிராகக் கிளம்பியவற்றுக்கு ஏன் இரண்டு வேகம்? கணக்கு வந்தாலும் பரவாயில்லை, பிளஸ் டூ அளவு தாங்குவேன்.

கோணமானி:
கணக்கு சின்னதுதான். அவர்கள் சொன்ன உண்மை வேகம் ஒளி வேகத்தில் 0.92, நம்மை நோக்கிய திசைக்கும் ஜெட்டுக்கும் (பீய்ச்சியடித்த தாரைக்கு அப்படித்தான் பெயர்) இடையே 70 பாகை. ஜெட்டில் ஓடும் பிரகாசமான திரளைக் குமிழி என்போம். அது 100 நாள் ஓடுகிறது என்று வையுங்கள். பக்கவாட்டில் சுமார் 86 ஒளிநாள் தூரம் போயிருக்கும், கூடவே நம் பக்கமாக 31 ஒளிநாள் நெருங்கியும் வந்திருக்கும். ஆக, 100-ஆவது நாள் கிளம்பிய ரேடியோ அலைக்குக் கடக்க வேண்டிய தூரம் அவ்வளவு குறைவு, முதல் நாள் அலை வந்து சேர்ந்த 69-ஆவது நாளே இதுவும் வந்து நிற்கும். 86 ஒளிநாள் தூரத்தை 69 நாளில் கடந்ததாக நமக்குத் தெரிகிறது. வகுத்தால் 1.25! எதிர்ப்பக்கம் போகிறதே, அது விலகிக்கொண்டே போவதால் அதே 100 நாள் நமக்கு 131 நாளாக நீள்கிறது, வகுத்தால் 0.65. இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. நம் பக்கம் வருவது கூடுதல் பிரகாசமாகத் தெரிவதும் இந்த வேகத்தால்தான்.

தட்டுக்கூடை:
கணக்கு சரி, ஆனால் அந்த 0.92-ஐ அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். தொலைநோக்கி வேகத்தை அளப்பதே இல்லை, அது அளப்பது கோணத்தை மட்டும்தான். வி.எல்.ஏ.-வில் 25 மீட்டர் தட்டுகள் 27, நியூ மெக்சிகோ சமவெளியில் தண்டவாளம் மேல் நிற்பவை, அதிகபட்சமாக விரித்து வைத்தால் 36 கிலோமீட்டருக்குப் பரவும். 1994 மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை எடுத்த படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், முதலில் ஒரே புள்ளியாக ஒட்டிக்கிடப்பது கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாகப் பிரிந்து விலகுவது தெரியும். ஒரு பக்கம் நாளுக்கு 17.6 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஆர்க்செகண்ட், அதில் ஆயிரத்தில் ஒன்று இது), மறுபக்கம் 9.0. கையில் இருப்பது இந்த இரண்டு எண்கள்தான், மற்றதெல்லாம் அதிலிருந்து கறந்தது.

இதில் அழகான விஷயம், இரண்டின் வித்தியாசத்தை (8.6) கூட்டுத்தொகையால் (26.6) வகுத்தால் 0.32 வரும். நம் பக்கமாக வரும் வேகம் ஒளி வேகத்தில் அந்தப் பங்கு. இதற்கு அது நம்மிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே தேவையில்லை. ஆனால் பக்கவாட்டு வேகத்துக்குத் தூரம் வேண்டும், அங்கேதான் வம்பு. 1994-இல் 40,000 ஒளியாண்டு என்று வைத்துக்கொண்டார்கள். 2014-இல் இடமாறு தோற்ற முறையில் (பூமி சூரியனைச் சுற்றும்போது அது வானத்தில் இடம் மாறித் தெரியும் அளவை வைத்து) அளந்தபோது சுமார் 28,000 வந்தது. அதைப் போட்டுப் பாருங்கள், 1.25 என்பது 0.87 ஆகிவிடும்.

இரவுப்பறவை:
என்னங்க இது, அப்படியென்றால் ஒளியை மிஞ்சிய கதையே ரத்தா?

தட்டுக்கூடை:
ரத்தெல்லாம் இல்லை. 1997-இல் அதே கருந்துளை மறுபடி உமிழ்ந்தபோது பிரிட்டனின் மெர்லின் தொலைநோக்கி வரிசையில் பார்த்தார்கள், அதன் பார்வை வி.எல்.ஏ.-வை விடக் கூர்மை. அங்கே நாளுக்கு 23.6 மில்லி ஆர்க்செகண்ட் வந்தது. புதிய தூரத்தை வைத்தாலும் 1.17 வருகிறது, உண்மை வேகம் 0.81 பக்கம். போதாததற்கு 2014 அளவீட்டிலேயே பிழை வரம்பு ஐயாயிரம், ஆறாயிரம் ஒளியாண்டு இருக்கிறது. அதனால் எந்தக் கட்டுரையில் எந்த எண்ணைப் பார்த்தாலும் தூரம் எவ்வளவு என்று வைத்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள்.

மாலைநேரம்:
இதே கழுகுக் கூட்டத்தில் எஸ்எஸ் 433 என்று ஒன்று இருக்கிறது, அங்கே கதை தலைகீழ். அதன் ஜெட்டின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் ஹைட்ரஜனுக்கே உரிய நிறமாலைக் கோடுகள் தெரியும், அவை முன்னும் பின்னும் நகர்வதை வைத்து வேகம் ஒளி வேகத்தில் 0.26 என்று 1970-களின் கடைசியிலேயே பிடித்துவிட்டார்கள். ஜெட் 162 நாளுக்கு ஒருமுறை பம்பரத்தின் அச்சு மாதிரி சுற்றுவதால் ரேடியோ படத்தில் கார்க் திருகியைப் போல வளைந்து வளைந்து போகும். வேகம் முன்கூட்டியே தெரிந்ததால், வானத்தில் அது நகரும் கோணத்தை வைத்துத் தூரத்தையே (சுமார் 18,000 ஒளியாண்டு) எடுத்தார்கள். ஜிஆர்எஸ் 1915-இன் குமிழிகளில் அந்தக் கோடுகள் இல்லை, அதனால்தான் இத்தனை பாடு.

கருந்துளை இருந்தால்தான் ஜெட் வரும் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்ற இன்னொன்றில் இருப்பது நியூட்ரான் நட்சத்திரம், அதாவது கருந்துளை ஆகாமல் இறுகிப்போன நட்சத்திர மிச்சம். 1999-இல் கண்டம் விட்டுக் கண்டம் ரேடியோ தொலைநோக்கிகளைக் கைமாற்றி 56 மணி நேரம் விடாமல் பார்த்ததில் அதன் குமிழிகள் 0.45 வேகத்தில் போவது தெரிந்தது. எனக்குப் பிடித்த சமாசாரம் அப்புறம்தான்: நடுவில் ஒரு வெடிப்பு வரும், சில மணி நேரம் கழித்து வெளியே இருக்கும் குமிழி பளிச்சென்று ஏறும். நடுவிலிருந்து அங்கே எதுவோ 0.95-க்கும் மேலான வேகத்தில் போயிருந்தால்தான் இது நடக்கும். நகர்வதாகக் கண்ணில் படும் குமிழி வேறு, உள்ளே பாயும் சக்தி வேறு.

இரவுப்பறவை:
இப்போதுதான் புரிகிறது, மிக்க நன்றி. புனே பக்கம் இருக்கும் நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் ஜிஆர்எஸ் 1915-இன் குமிழிகள் பிரிவதைப் பார்க்க முடியாதா?

கோணமானி:
பிரிவது தெரியாது. 1.4 கிகாஹெர்ட்ஸில் அதன் கூர்மை 2 ஆர்க்செகண்ட் அளவு, குமிழிகளோ ஒரு மாதம் ஓடியும் ஒரு ஆர்க்செகண்ட் கூட விலகியிருக்காது. வெடிப்பின்போது குறைந்த அதிர்வெண்ணில் பிரகாசம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க அதுதான் தோது. ஜிஆர்எஸ் 1915-ஐ அங்கே அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.